டீச்சரைக் கேளுங்க: பால்வாடியா, ப்ளே ஸ்கூலா?

மே மாசம் வந்தாலே நம்ம கேள்விப் பெட்டி நிரம்பிடும். இந்த தடவை வந்ததுல முக்கால்வாசி அஞ்சு வயசுக்கு கீழ உள்ள குட்டிங்களைப் பத்தித்தான். ஒரே மாதிரி வந்ததையெல்லாம் சேர்த்து ஒண்ணாக்கிட்டேன். பேர் போடலை, ஊர் மட்டும்தான், ஏன்னா பாதி பேர் "எங்க மாமியாரும் இந்த புக்கு படிப்பாங்க மேடம்"னு தனியா ஒரு வரி எழுதியிருந்தீங்க.

திருப்பூர் வாசகி: நானும் வீட்டுக்காரரும் பனியன் கம்பெனிக்கு போறோம். பொண்ணுக்கு ரெண்டே முக்கால் வயசு. ரெண்டு தெரு தள்ளி ஒரு ப்ளே ஸ்கூல், ஏசி ரூம், சுவர் பூரா கார்ட்டூன், வருஷத்துக்கு நாப்பதாயிரம் கேக்குறாங்க. பக்கத்துலயே பால்வாடி இருக்கு, காசு கிடையாது. ஆனா சொந்தக்காரங்க எல்லாம் "பால்வாடின்னா சோறு போட்டு தூங்க வைப்பாங்க, அவ்ளோதான்"னு சொல்றாங்க. எதுல சேக்குறது மேடம்?

பதில்: ஏசியையும் கார்ட்டூனையும் கொஞ்ச நேரம் மறந்துடுங்கமா. ரெண்டு இடத்துக்கும் நேர்ல போங்க, அட்மிஷன் பேசுற சாயங்கால நேரத்துல போகாதீங்க, காலையில பத்தரை பதினொன்னுக்கு குழந்தைங்க இருக்குறப்போ போய் ஒரு அரை மணி நேரம் ஓரமா உக்காந்து பாருங்க. பாதுகாப்புக்காக உள்ள விடமாட்டோம்னு சொன்னா, சரி முன்னாடியே சொல்லிட்டு வர்றேன்னு கேளுங்க, அப்பவும் கதவுக்கு வெளியிலேயே நிக்க வச்சா நான்னா வேற இடம் பாப்பேன்.

உக்காந்தா என்னத்த பாக்குறதுன்னு கேப்பீங்க. ஒரு குழந்தை விழுந்து அழுதா யாரு போறாங்க, எவ்ளோ நேரத்துல போறாங்க, நின்ன இடத்துல இருந்தே "ஒண்ணும் இல்ல, அழாத"ன்னு குரல் குடுக்குறாங்களா, இல்ல கிட்ட போய் குனிஞ்சு அது மூஞ்சிக்கு நேரா உக்காந்து பேசுறாங்களா, அதைப் பாருங்க. அப்புறம் தலையை எண்ணுங்க. தனியார் ப்ளே ஸ்கூலுக்குன்னு தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் போட்ட வழிகாட்டுதல்ல 20 குழந்தைக்கு ஒரு டீச்சர், ஒரு ஆயா இருக்கணும்னு இருக்கு, அதுவும் மூணு வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு. மூணுக்கு கீழன்னா, வேலைக்கு போறவங்க குழந்தையை பாத்துக்குற க்ரீச்சுக்கு 2018-ல மத்திய அரசு சொன்ன கணக்கு 10 குழந்தைக்கு ஒருத்தர். உங்க பொண்ணு இன்னும் அந்த ரெண்டாவது கணக்குலதான் வர்றா, அதனால முப்பது பிள்ளைக்கு ஒரே ஒரு பொண்ணு ஓடிக்கிட்டு இருந்தா ஏசி இருந்து என்ன புண்ணியம்.

ஆயாம்மாகிட்ட தனியா பேச்சு குடுங்க, இங்க எத்தனை வருஷமா இருக்கீங்கன்னு. ரெண்டு மாசத்துக்கு ஒரு ஆள் மாறுற இடத்துல குழந்தை யாரைன்னு நம்பும், இப்பத்தான் இந்த அக்கா மூஞ்சி பழகுச்சுன்னா அடுத்த வாரம் வேற அக்கா. பாத்ரூமை கண்டிப்பா திறந்து பாருங்க, குழந்தை உயரத்துக்கு இருக்கா, தண்ணி வருதா, உள்பக்கம் தாப்பா போட்டு மாட்டிக்குற மாதிரி இருக்கா, யாரு கூட்டிட்டு போறாங்க. சுவத்துல ஒட்டியிருக்குற படங்களையும் ஒரு பார்வை பாருங்க, இருபது ஆப்பிளும் கோட்டுக்கு வெளிய ஒரு துளி போகாம ஒரே சிவப்புல இருந்தா அது குழந்தைங்க போட்டது இல்லங்க, டீச்சர் ராத்திரி உக்காந்து போட்டது. ப்ளே ஸ்கூலுக்குன்னு தமிழ்நாட்டுல 2015-லயே தனி விதிமுறை வந்துடுச்சு, அந்த அங்கீகாரம் வாங்கியிருக்கீங்களான்னு கூச்சப்படாம கேளுங்க.

இப்ப பால்வாடிக்கு வருவோம். உங்க சொந்தக்காரங்க சொல்றது பழைய கதை, ஆனா பொய்னும் சொல்ல மாட்டேன், அது சென்டருக்கு சென்டர் மாறும். நம்ம ஸ்டேட்ல 54,439 மையம் இருக்கு, எல்லாத்துலயும் ஒரே மாதிரி டீச்சர் எப்படி இருப்பாங்க. "ஆடிப் பாடி விளையாடு பாப்பா"ன்னு மூணுல இருந்து ஆறு வயசுக்குன்னே ஒரு பாடத்திட்டம் இருக்கு, மாசத்துக்கு ஒரு தலைப்பு வச்சு பாட்டு, கதை, விளையாட்டுன்னு போகும், ஆர்வமான டீச்சர் கையில அது கிடைச்சா நாப்பதாயிரம் வாங்குற இடத்தை விட நல்லாவே நடக்கும், நான் பாத்திருக்கேன். வாரத்துக்கு மூணு முட்டை, மதியம் சூடா சாப்பாடு, மாசா மாசம் எடை பாக்குறது, தடுப்பூசி கணக்கு, இதெல்லாம் எந்த ப்ளே ஸ்கூல்லயும் ஃபீஸுக்குள்ள வராது.

ஒண்ணை நீங்க கேக்கவே இல்ல, நானே கேக்குறேன். உங்க ஷிப்ட் முடியுற நேரம் என்ன? ப்ளே ஸ்கூல் மூணு நாலு மணி நேரம்தான், பால்வாடியும் சாயங்காலத்துக்கு முன்னாடியே முடிஞ்சிடும், ஆர்டர் அவசரம்னா பனியன் கம்பெனியில எட்டு மணி ஆகும். மிச்ச நேரம் பொண்ணு யாருகிட்ட? பால்வாடி டீச்சர் நல்லவங்களா இருந்தா அங்க சேத்துட்டு, அந்த நாப்பதாயிரத்தை பக்கத்து வீட்டுல நம்பிக்கையான ஒரு பாட்டிக்கோ நல்ல டே கேருக்கோ குடுங்க. அங்கன்வாடியோட சேர்ந்த க்ரீச் நடத்த "பால்னா"ன்னு ஒரு மத்திய அரசு திட்டம் இருக்கு, உங்க பக்கம் ஒண்ணு வந்திருக்கான்னு குழந்தைகள் வளர்ச்சித் திட்ட ஆபீஸ்ல ஒரு தடவை விசாரிச்சுடுங்க.

மதுரை வாசகி: என் பேரனுக்கு மூணரை வயசு, எல்கேஜி. தினமும் ரெண்டு பக்கம் எழுத குடுக்குறாங்க, ஸ்டாண்டிங் லைன், ஸ்லீப்பிங் லைன், அப்புறம் ஏ பி சி டி. பையன் அஞ்சு நிமிஷத்துல கை வலிக்குதுன்னு பென்சிலை விட்டெறியுறான். மருமக அடிச்சிடுறா. நான் கேட்டா "உங்க காலம் வேற அத்தை"ங்குறா. நான் சொல்றது தப்பா?

பதில்: இல்லம்மா. கை வலிக்குதுன்னு அவன் சொல்றது சாக்கு இல்ல, நிஜமாவே வலிக்கும். நம்ம மணிக்கட்டுல எட்டு குட்டி எலும்பு இருக்கு, பொறக்குறப்போ எல்லாமே குருத்தெலும்புதான், ஒவ்வொண்ணா வருஷக்கணக்குல கெட்டியாகும், மூணு மூணரை வயசு குழந்தை கையை எக்ஸ்ரே எடுத்தா அந்த எட்டுல ரெண்டு மூணுதான் தெரியும். மீதி இருக்குற இடம் படத்துல காலியா இருக்கும். எலும்போட முடியுற விஷயமும் இல்ல, தோள்பட்டை பலம் முதல்ல வரணும், அப்புறம் முழங்கை, கடைசியாத்தான் விரல் நுனிக்கு வரும். தொங்குறது, ஏறுறது, மண்ணு தோண்டுறது, குடத்துல தண்ணி மொண்டு ஊத்துறது இதெல்லாம் பண்ணாத குழந்தைகிட்ட நேரா பென்சிலை குடுத்தா முழுக் கையையும் இறுக்கிக்கிட்டு எழுதும், பேப்பர் கிழியும், அழும்.

நீங்க வீட்டுல இருக்குறது நல்லதா போச்சு. சப்பாத்தி மாவுல ஒரு உருண்டை குடுங்க, பிசையட்டும். துணி காயப்போடுற க்ளிப்பை அமுக்கி கொடியில மாட்ட சொல்லுங்க. வெண்டைக்காய் காம்பு ஒடிக்கட்டும், உளுந்துல கல்லு பொறுக்கட்டும், பக்கத்துல நீங்க இருந்து வாயில போடாம பாத்துக்கோங்க. அப்புறம் கோலப்பொடி! கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து ஒரு சிட்டிகை எடுத்து இழுக்குறோம்ல, அப்படியே பென்சில் பிடிக்குற பிடிதான் அது, வெளிநாட்டுல இருந்து இறக்குமதி பண்ணி ரெண்டாயிரம் ரூபாய்க்கு விக்குற மர சாமான் செய்யுற வேலையை அஞ்சு ரூபா பொடி செஞ்சுடும். வாசல்ல ஒரு மூலையை அவனுக்குன்னு விட்டுடுங்க, கோணலா போட்டா போட்டுட்டு போறான்.

மருமக மேல கோபப்படாதீங்க. அவ, பையனோட ஸ்கூல் டைரியில "ஹோம் வொர்க் நாட் டன்"னு சிவப்பு இங்க்ல எழுதி வர்றதை பாத்து பயந்து போய் அடிக்கிறா. ரெண்டு பேரும் சேர்ந்தே ஸ்கூலுக்கு போங்க. தேசிய கல்விக் கொள்கை 2020-லயும் சரி, 2022 அக்டோபர்ல வந்த அடித்தள நிலை பாடத்திட்ட வடிவமைப்புலயும் சரி, மூணுல இருந்து எட்டு வயசு வரைக்கும் ஒரே படின்னு வச்சு விளையாட்டு வழியாத்தான் சொல்லிக் குடுக்கணும்னு இருக்கு. அந்தக் கொள்கையோட மத்த விஷயத்துல நம்ம ஊர்ல ஆயிரம் சண்டை இருக்கு, எனக்கும் இருக்கு, ஆனா இந்த ஒரு விஷயத்துல குழந்தை டாக்டர்ல இருந்து டீச்சர் ட்ரெயினிங் காலேஜ் வரைக்கும் யாரும் வேற மாதிரி சொல்ல மாட்டாங்க. "எழுத்து வேலையை குறைங்க, எழுதாததுக்கு வீட்டுல நாங்க பொறுப்பு"ன்னு டைரியிலயே எழுதி கையெழுத்து போட்டுக் குடுத்துடுங்க, நிறைய டீச்சருங்க உள்ளுக்குள்ள சந்தோஷப்படுவாங்க, ஏன்னா மேனேஜ்மென்ட் கேக்குறப்போ காட்ட அவங்களுக்கும் ஒரு பேப்பர் வேணும்.

எல்கேஜி முடிக்குறப்போ என்ன தெரிஞ்சிருக்கணும்னு கேட்டா, கேட்ட கதையை முன்ன பின்ன ஆனாலும் திருப்பி சொல்லணும், தன் முறை வர்ற வரைக்கும் கொஞ்ச நேரம் காத்திருக்கணும், டாய்லெட் வருதுன்னு சொல்லணும், "அம்மா, அப்பளம், அணில்" மூணும் ஒரே சத்தத்துல ஆரம்பிக்குதுன்னு காதுல விழணும். நூறு வரைக்கும் ஒப்பிக்கிற பிள்ளைகிட்ட ஒரு கை புளியங்கொட்டையை குடுத்து "இதுல எனக்கு நாலு குடு"ன்னு கேட்டு பாருங்க, பாதி பேர் மொத்தத்தையும் அள்ளி குடுத்துடும். எண்ணு மனப்பாடம் ஆயிருக்கு, நாலுன்னா எவ்ளோன்னு இன்னும் போய் சேரலை. உங்க பேரனோட உக்காந்து தாயக்கட்டை விளையாடுங்க, எழுதுறது தானா வரும், ஒண்ணாம் வகுப்புல எவனும் பென்சில் பிடிக்காம உக்காந்தது கிடையாது.

சென்னை ஓஎம்ஆர் வாசகி: மகப்பேறு லீவு முடிஞ்சு அடுத்த மாசம் வேலைக்கு போகணும். கம்பெனில க்ரீச் இருக்கணும்னு சட்டமே இருக்குன்னு தோழி சொல்றா. எச்ஆர்கிட்ட கேட்டா மழுப்புறாங்க.

பதில்: தோழி சொல்றது சரிதான். 2017-ல மகப்பேறு சலுகைச் சட்டத்தை திருத்தி லீவை 26 வாரம் ஆக்கினாங்கல்ல, அப்பவே 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற இடத்துல க்ரீச் வசதி கட்டாயம்னு வந்துடுச்சு. 50-ங்குறது பொம்பளைங்க மட்டும் இல்ல, மொத்த ஆளுங்க. ரெஸ்ட் நேரத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு நாலு தடவை நீங்க போய் குழந்தையை பாத்துட்டு வரலாம். இந்த வசதியெல்லாம் இருக்குன்னு வேலையில சேருறப்பவே எழுத்துல சொல்லணும்னும் அதுல இருக்கு, பழைய ஆஃபர் லெட்டரை தேடி பாருங்க. எச்ஆர்கிட்ட வாயால கேக்காதீங்க, மெயில் போடுங்க, கூட ரெண்டு மூணு பேரோட பேரும் சேர்ந்து இருந்தா இன்னும் நல்லது. கம்பெனிக்குள்ளேயே கட்டணும்னு இல்ல, பக்கத்துல ஒரு நல்ல டே கேரோட ஒப்பந்தம் போட்டும் பண்றாங்க. அப்படி பண்ணா அந்த டே கேரை மேல திருப்பூர்காரங்களுக்கு சொன்ன மாதிரி நீங்களே போய் ஒரு தடவை பாத்துடுங்க, கம்பெனி பாத்ததுன்னு விட்டுடாதீங்க.

திருச்சி வாசகர்: பையனை ப்ரீகேஜில விட்டு ரெண்டாவது வாரம். கேட்டுல விட்டதும் காலை கட்டிக்கிட்டு கதறுறான். "நீங்க திரும்பி பாக்காம ஓடிடுங்க சார், நாங்க பாத்துக்குறோம்"னு சொல்றாங்க. வீட்டுல அவங்க அம்மா நிறுத்திடலாம்னு அழறாங்க. என்ன பண்றது?

பதில்: ரெண்டு வாரம் அழறது சகஜம்தான் தம்பி, அதுக்காக நிறுத்த வேணாம். ஆனா ஓடிப்போறது மட்டும் வேணாம். அவன் பொம்மையை பாக்குற நேரமா பாத்து நழுவுனீங்கன்னா அடுத்த நாள்ல இருந்து வீட்டுல பாத்ரூம் போனா கூட பின்னாடியே வருவான், எப்ப காணாம போவாங்கன்னு தெரியாதுல்ல. சொல்லிட்டு போங்க. "அப்பா ஆபீஸ் போறேன், நீ சாப்பிட்டு முடிச்சதும் அம்மா வருவா"ன்னு ஒரே வரி, தினமும் அதே வரி, ஒரு முத்தம், டாட்டா, அவ்ளோதான். அஞ்சு மணிக்குன்னு சொன்னா அவனுக்கு புரியாது, சாப்பிட்டு முடிச்சதும்னா புரியும். வாசல்லயே நின்னு அரை மணி நேரம் சமாதானம் பண்றதும் ஆகாது, நீங்களே கலங்குறது அவனுக்கு தெரிஞ்சிடும். முடிஞ்சா முதல்ல ஒரு மணி நேரம், அப்புறம் ரெண்டு மணி நேரம்னு ஏத்துங்க, ஸ்கூல்ல ஒத்துக்கலைன்னா அடம்பிடிச்சு கேளுங்க, நல்ல இடத்துல ஒத்துக்குவாங்க. அம்மாவோட பழைய சேலைத் துண்டு ஒண்ணை பையில வச்சு விடுங்க, சில குழந்தைங்களுக்கு அது பெரிய ஆறுதல்.

நீங்க கிளம்பி பத்து பதினஞ்சு நிமிஷத்துல அடங்கி விளையாட ஆரம்பிச்சுட்டானான்னு தினமும் கேளுங்க, அதுதான் முக்கியம். போகப் போக குறையாம, அங்க ஒண்ணுமே சாப்பிடலை, ராத்திரி தூக்கத்துல அலறுறான், நின்னு போன படுக்கையில ஒண்ணுக்கு போறது திரும்ப வந்துடுச்சு, குறிப்பிட்ட ஒரு ஆளையோ ஒரு ரூமையோ பாத்தா மட்டும் பயப்படுறான், இப்படி ஏதாவது இருந்தா அதை பழக்கம் ஆகலைன்னு தள்ளாதீங்க. உக்காந்து மெதுவா பேசுங்க, உடம்பை பாருங்க, சந்தேகம்னா 1098-க்கு எந்த நேரமும் போன் பண்ணலாம், குழந்தைங்களுக்குன்னே உள்ள நம்பர். பெரும்பாலும் அப்படி எதுவும் இருக்காது, ஆனா கேக்குறதுல தப்பில்ல.

கள்ளக்குறிச்சி பக்கம் பால்வாடி டீச்சர்: ஒரே ரூம், ரெண்டு வயசுல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் 22 குழந்தைங்க. ஆயாம்மா சமையலுக்கு போயிடுவாங்க. நான் ஒருத்தி. ரெஜிஸ்டர், குழந்தைங்க எடை, சாப்பாட்டு கணக்கை ஏத்துற போஷன் ட்ராக்கர் ஆப், கர்ப்பிணிங்க வீட்டுக்கு போறது, எலக்‌ஷன் வந்தா பிஎல்ஓன்னு வாக்காளர் பட்டியல் பாக்குற வேலை. நாலு வயசானதும் பெத்தவங்க இங்கிலீஷ் மீடியம் வேன்ல ஏத்திடுறாங்க. பாடத்திட்டம் எல்லாம் நல்லாத்தான் இருக்கு, எப்ப நடத்துறது சொல்லுங்க மேடம்.

பதில்: உங்க லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன். முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், இது உங்க திறமை பிரச்சனை இல்ல. 1975 அக்டோபர் 2-ல பால்வாடிகளை நடத்துற இந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் ஆரம்பிச்சப்போ ஒரு ஊழியர், ஒரு உதவியாளர்னு வச்ச கணக்கு, அதுக்கப்புறம் வேலை மட்டும் ஏறிக்கிட்டே போகுது, ஆள் ஏறலை, சம்பளம்னு கூட சொல்ல மாட்டாங்க, மதிப்பூதியம்னு சொல்லுவாங்க. குழந்தைக்கு பாடம் நடத்துற ஒருத்தர் கையில போனை குடுத்து ஆப்ல ஏத்த சொல்லிட்டு தரமான முன்பருவக் கல்வி வேணும்னா எங்க இருந்து வரும். அரசு நடுநிலைப்பள்ளி வளாகத்துல இருக்குற 2,381 அங்கன்வாடியில 2019-ல எல்கேஜி யூகேஜி ஆரம்பிச்சு தனியா டீச்சர் போட்டாங்க, மீதி உள்ள மையத்துக்கும் ஒரு ஆள் கூடுதலா போடுங்கன்னுதான் நான் மீட்டிங் மீட்டிங்கா சொல்லிக்கிட்டு இருக்கேன்.

சரி, அது நடக்குற வரைக்கும். காலையில குழந்தைங்க வந்ததும் உள்ள உக்கார வைக்காதீங்க, முதல் முக்கால் மணி நேரம் வெளிய. உலக சுகாதார நிறுவனம் மூணு நாலு வயசுக்கு ஒரு நாளைக்கு 180 நிமிஷம் உடம்பு அசையணும்னு சொல்லுது, நம்ம ஊர் பிள்ளைங்களுக்கு அது வெளியில விட்டா தானா நடக்கும். அந்த நேரத்துல ஆயாம்மா அரிசி களையுறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் கூட நிக்கட்டும்.

உள்ள வந்ததும் எல்லாருக்கும் ஒரே கதை சொல்லுங்க, கேள்வியை மட்டும் வயசுக்கு பிரிங்க. யானை ஆத்துக்கு போன கதைன்னு வச்சுக்கோங்க, ரெண்டு வயசுகாரன்கிட்ட "யானை எப்படி நடக்கும்"னு கேட்டா நடந்து காட்டுவான், மூணு வயசுகிட்ட "தண்ணி குடிக்க யாரு யாரு வந்தாங்க", நாலரை வயசுகிட்ட "ஆத்துல தண்ணி இல்லாம இருந்தா யானை என்ன பண்ணியிருக்கும்". ஒரே பாயில ஒரே நேரத்துல மூணு வகுப்பு முடிஞ்சிடும். அப்புறம் ரூமை நாலு மூலையா பிரிச்சு, ஒண்ணுல சொப்பு சாமான், ஒண்ணுல கட்டை, ஒண்ணுல படப் புத்தகம், ஒண்ணுல சாக்பீஸும் கருப்புத் தரையும். யாரு எந்த மூலைக்கு போறதுன்னு அவங்களே முடிவு பண்ணட்டும், நீங்க ஒரு நேரத்துல ஒரு மூலையில மட்டும் போய் உக்காந்து பேசுங்க. பாட்டில் மூடி, புளியங்கொட்டை, சோழி எல்லாம் நல்ல சாமான்தான், ஆனா மூணு வயசுக்கு கீழ உள்ளது கைக்கு எட்டாம வைங்க, வாய்க்குள்ள போயிடும். சின்னதுங்க சாப்பிட்டு தூங்குற நேரம் இருக்குல்ல, அதுதான் பெருசுங்களோட உங்க உண்மையான நேரம், ரெஜிஸ்டரை அந்த நேரத்துல திறக்காதீங்க, கெஞ்சி கேக்குறேன்.

பெத்தவங்க வேன்ல ஏத்துறதுக்கு ஒரு காரணம், இங்க என்ன நடக்குதுன்னு அவங்களுக்கு தெரியாது. 1982 ஜூலை 1-ல எம்ஜிஆர் சத்துணவு கொண்டு வந்தப்போ பால்வாடி பிள்ளைங்களும் அதுலதான் வந்தாங்க, அதுல இருந்து ஊர் மனசுல பால்வாடின்னா சாப்பாடு. அந்த சாப்பாடு எத்தனை பிள்ளைங்களை காப்பாத்துச்சுன்னு தெரிஞ்சவங்களுக்கு தெரியும், அதை குறைச்சு பேச வேணாம். ஆனா மாசத்துக்கு ஒரு நாள் அம்மாக்களை கூப்பிட்டு உக்கார வச்சு, அவங்க கண்ணு முன்னாடி அந்த யானை கதையை நடத்துங்க. தன் பொண்ணு எழுந்து நின்னு "ஆத்துல தண்ணி இல்லேன்னா யானை கிணத்துக்கு போகும், கிணத்துக்குள்ள விழுந்துடும், அப்புறம் தீயணைப்பு வண்டி வரும்"னு சொல்றதை நேர்ல கேட்ட அம்மா அடுத்த வருஷமும் இங்கதான் விடுவா. எல்லாரும் இல்ல, சில பேர்.

கோயம்புத்தூர் வாசகி: எங்க ஏரியாவுல நாலு ஸ்கூல்ல "மாண்டிசோரி"ன்னு போர்டு. ஃபீஸ் எல்லாம் டபுள். நிஜமா அப்படி ஒண்ணு இருக்கா, இல்ல சும்மா பேரா?

பதில்: நிஜமா இருக்குங்க, அதுவும் நம்ம ஊரோட ஒட்டின கதை. மரியா மாண்டிசோரி இத்தாலி டாக்டரம்மா, 1907 ஜனவரியில ரோம்ல ஒரு ஏழைங்க குடியிருப்புல "குழந்தைகள் வீடு"ன்னு தன்னோட முதல் பள்ளியை ஆரம்பிச்சாங்க. 1939-ல தியசாஃபிகல் சொசைட்டி கூப்பிட்டு சென்னை அடையாறுக்கு வந்து டீச்சருங்களுக்கு வகுப்பு எடுத்தாங்க, அதுக்குள்ள உலகப் போர்ல இத்தாலி எதிர்ப்பக்கம் சேர்ந்ததால பிரிட்டிஷ்காரங்க ஊருக்கு திரும்ப விடலை, 1946 வரைக்கும் இந்தியாவுலதான் இருந்தாங்க, கொஞ்ச காலம் கொடைக்கானல்ல. ஏழைக் குழந்தைங்களுக்குன்னு ஆரம்பிச்சது இன்னைக்கு டபுள் ஃபீஸ்ல வந்து நிக்குது, என்னத்த சொல்ல.

போர்டை யாரு வேணா மாட்டலாம், அதனால உள்ள போய் பாருங்க. மூணுல இருந்து ஆறு வயசு வரைக்கும் ஒரே ரூம்ல கலந்து இருக்காங்களா? ப்ரீகேஜி ஏ செக்‌ஷன், எல்கேஜி பி செக்‌ஷன்னு பிரிச்சிருந்தா அங்கயே ஒரு கேள்விக்குறி. காலையில ரெண்டு மூணு மணி நேரம் பெல் அடிச்சு இடையில கலைக்காம குழந்தை தானா எடுத்து வேலை செய்ய விடுறாங்களா? 1 சென்டிமீட்டர்ல இருந்து 10 சென்டிமீட்டர் வரைக்கும் பத்து ரோஸ் கலர் கட்டை அடுக்குற கோபுரம் ஒண்ணு கண்டிப்பா இருக்கும், அது எங்க இருக்குன்னு பாருங்க. குழந்தை கைக்கு எட்டுற திறந்த அலமாரியில ஓரம் தேஞ்சு இருந்தா நல்ல இடம். கண்ணாடி பீரோவுல பூட்டி பளபளன்னு இருந்தா ஃபீஸை மிச்சம் பிடிங்க. டீச்சர் எங்க ட்ரெயினிங் எடுத்தாங்க, எத்தனை மாசம் எடுத்தாங்கன்னும் கேளுங்க, ஒரு வார ஆன்லைன் சர்டிபிகேட் எல்லாம் இப்ப நிறைய சுத்துது.

சேலம் வாசகி: பையனுக்கு ரெண்டு வயசு ரெண்டு மாசம். அம்மா, தாத்தான்னு அஞ்சாறு வார்த்தைதான். போன்ல பாட்டு வச்சாத்தான் சோறு இறங்கும். "அவங்க அப்பனும் நாலு வயசுலதான் பேசினான்"னு வீட்டுல சொல்றாங்க. ப்ளே ஸ்கூல்ல விட்டா பேச்சு வந்துடுமா?

பதில்: வந்தாலும் வரலாம், ஆனா அதை நம்பி காத்திருக்காதீங்க. ரெண்டு வயசுல "அம்மா வா", "பால் குடு"ன்னு ரெண்டு வார்த்தை சேரணும், இல்லைன்னா காட்டிடணும். அப்பா லேட்டா பேசினது இருக்கட்டும், முதல்ல காது டெஸ்ட். நிறைய வீட்டுல "கூப்பிட்டா திரும்புறானே"ன்னு சொல்வாங்க, கொஞ்சமா கேக்குற குழந்தையும் திரும்பும். மாவட்ட தலைமை ஆஸ்பத்திரி இல்லைன்னா மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கும், டிஇஐசின்னு கேளுங்க, காது, பேச்சு, வளர்ச்சி எல்லாம் ஒரே இடத்துல காசில்லாம பாப்பாங்க. பக்கத்து பால்வாடியில பேரை பதிஞ்சு வைங்க, வருஷத்துக்கு ரெண்டு தடவை அங்க டாக்டர் டீம் வரணும், அவங்களே எழுதிக் குடுத்து அனுப்புவாங்க. இருந்த வார்த்தையும் குறையுது, கண்ணை பாக்க மாட்டேங்குறான், பேரை சொன்னா திரும்பவே இல்லன்னா இந்த வாரமே போங்க.

போனை சாப்பாட்டுல இருந்து எடுத்துடுங்க. ரெண்டு மூணு நாள் பட்டினி கிடக்குற மாதிரி கலாட்டா பண்ணுவான், பசி வந்தா சாப்பிடுவான். ரெண்டுல இருந்து நாலு வயசுக்கு மொத்தமே ஒரு மணி நேரத்துக்கு மேல ஸ்க்ரீன் வேணாம், கம்மின்னா இன்னும் நல்லதுன்னுதான் உலக சுகாதார நிறுவனம் 2019-ல சொன்னது. பாட்டு போன்ல இருந்து வந்தா அவன் பதில் சொல்லணும்னு போன் காத்திருக்காது, நீங்க பாடினா பாதியில நிறுத்தி அவன் வாயை பாப்பீங்க. குளிப்பாட்டுறப்போ, காய் நறுக்குறப்போ சும்மா பேசிக்கிட்டே இருங்க. இங்கிலீஷ்ல பேசினாத்தான் ஸ்கூல்ல சேப்பாங்கன்னு வீட்டுல தமிழை நிறுத்தாதீங்க, உங்களுக்கு சரளமா வர்ற பாஷையில பேசுங்க, ரெண்டு பாஷை கேக்குறதால பேச்சு தள்ளிப்போகாது.

ஈரோடு வாசகி: ஸ்நாக்ஸ் பாக்ஸ் அப்படியே திரும்பி வருது மேடம். மூணு வயசு பொண்ணு.

பதில்: மூடியை அவளால திறக்க முடியுதான்னு பாருங்க முதல்ல. சிரிக்காதீங்க, அந்த நாலு பக்கம் க்ளிப் வச்ச டப்பாவை பெரியவங்களே நகம் ஒடிச்சுக்குறோம். வீட்டுல அவளையே திறந்து மூட வைங்க, வரலைன்னா சாதா எவர்சில்வர் டப்பாவுக்கு மாத்துங்க. அளவும் கம்மியா வைங்க, ரெண்டு மினி இட்லி, அரை வாழைப்பழம் போதும். முழு திராட்சை, முழு நிலக்கடலை, பாப்கார்ன் மட்டும் இப்ப வேணாம், தொண்டையில அடைக்கும், அங்க ஒரு டீச்சர் இருபது பேரை பாத்துக்கிட்டு இருப்பாங்க. திராட்சையை நீள வாக்குல நாலா நறுக்குங்க, கடலைன்னா உருண்டையா பிடிக்காம நைசா பொடிச்சு இட்லியில தடவி விடுங்க.